கையெழுத்திடுமுன் வக்கீல் வீட்டுத் திண்ணை

(கூட்டுறவு நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட உபந்நியாசம்)



வக்கீல் என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் குடியானவர் மனத்தில் தோன்றுவது வியாஜ்யம் ஒன்றே. சம்மன் வந்து சேர்ந்த பிறகு, அல்லது ஜப்தி உத்தரவுடன் கோர்ட்டு அமீனா வாசலில் வந்து நின்ற பிறகே, பழைய காகிதங்களை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு தாலூகா தலைநகருக்குப் பஸ் ஏறுவது கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. அந்தப் பையிலுள்ள தஸ்தாவேஜு எழுதப்பட்ட நாளில் இதே மனிதர் இதே பஸ்ஸில் ஏறியிருந்தால் எவ்வளவு நஷ்டம் தப்பியிருக்கும் என்பதை எடுத்துக் காட்டுவதே இந்த உபந்நியாசத்தின் நோக்கமாகும்.

கோர்ட்டுக்குச் சமீபமான தெருவில் உள்ள ஒரு சாதாரண வக்கீல் ஆபீஸில் காலை வேளையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அங்கே நடப்பது இன்னதென்று தெரியும். பெரிய கொலை வழக்குகளும் ஜமீன் வழக்குகளும் அங்கே இல்லை. வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டான் என்று ஒருவர். தகப்பனார் காலமாகி ஆறு வருஷமாகியும் பாகம் பிரியவில்லை என்று இரண்டு சகோதரிகள். கொடுத்த செக் பாங்கியிலிருந்து திரும்பிவிட்டது என்று ஒரு வைக்கோல் வியாபாரி. மூன்று வருஷத்துக்கு மேல் பெட்டியில் தூங்கிய நோட்டு ஒன்றை மடி பிரித்துக் காட்டும் ஒரு கிழவி. குமாஸ்தா கட்டுகளை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருப்பார். வந்தவர்களில் பெரும்பாலோர் திண்ணையில் காத்திருப்பார்கள். நாள்தோறும் ஊர்தோறும் உண்டாகும் இச்சிறு விவகாரங்களே வக்கீல் ஆபீஸின் வாடிக்கையான வேலை. இவற்றில் பலவற்றிற்குக் காரணத்தைத் தேடிப் போனால், படிக்காமலோ, படித்தும் பொருள் விளங்காமலோ போடப்பட்ட ஒரு கையெழுத்தில் போய் முடியும்.

அத்தகைய கையெழுத்துகளுள் மிகவும் அபாயகரமானது எது எனில், கடன் வாங்கிக்கொண்டு, கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகும். இதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்காக ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பி இருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பாகப் பிரிவினையில் ஆளுக்கு 1 ஏக்கர் நஞ்சை. அண்ணனுக்குப் பெண்ணின் விவாகச் செலவு. தம்பிக்கு ஆழ்குழாய்க் கிணறு. இருவருக்கும் தேவை ரூ. 3,00,000. நிலமோ ஒவ்வொன்றும் ரூ. 15,00,000 பெறும். இருவரும் போய் நின்றது ஒரே நெல் மண்டிக்காரரிடம். அவர் அண்ணனுக்குத் தூரத்து உறவினரும் ஆவார்.

“மாப்பிள்ளை, ரிஜிஸ்தர் ஆபீஸில் சும்மா ஒரு கையெழுத்து. நமக்குள் என்ன இருக்கிறது? இரண்டு வருஷத்தில் பணத்தை வையும்; பத்திரம் உம்முடையது” என்றார் மண்டிக்காரர்.

“நீங்கள் சொன்னால் போதாதா, மாமா” என்று அண்ணன் கையெழுத்திட்டார்.

எழுதப்பட்டவை இரண்டு காகிதங்கள். முதலாவது, ஸப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவான சுத்தக் கிரயப் பத்திரம். அதில் கடன் என்ற சொல்லே இல்லை. இரண்டாவது, 20 ரூபாய் ஸ்டாம்புக் காகிதத்தில் தனியாக எழுதிய மறுகிரய உடன்படிக்கை; இன்ன தேதிக்குள் ரூ. 3,00,000-மும் பேசிய மேல்தொகையும் கொடுத்தால் நிலத்தைத் திருப்பி எழுதித் தருவதாக மண்டிக்காரர் அதில் ஒப்பியிருந்தார். அது பதிவு செய்யப்படவில்லை. அண்ணன் இரண்டையும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். நிலத்தையும் அவரே உழுது வந்தார். ஆகையால் அவர் மனத்தில் அது கிரயமாகத் தோன்றவே இல்லை. அடமானம் என்றே எண்ணியிருந்தார்.

இரண்டாம் வருஷத்தில் மழை தப்பிற்று. குறித்த தேதி கார்த்திகையில் வந்தது. பணம் தை அறுவடையில்தான் கைக்கு வந்தது. அண்ணன் மேல்தொகையுடன் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனார். தேதி கடந்துவிட்டது, நிலம் என்னுடையது என்று பதில் வந்தது. அன்றுதான் அவர் வக்கீல் வீட்டுத் திண்ணைக்கு முதன்முறையாகப் போனார்.

வக்கீல் இரண்டு காகிதங்களையும் படித்துவிட்டு, “இவை ஒரே காகிதமாக இருந்திருக்கலாகாதா?” என்று கேட்டாராம். இந்த ஒரு கேள்வியில்தான் ஒரு குடும்பத்தின் நிலம் அடங்கியிருக்கிறது. அதன் காரணத்தை அங்கத்தினர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, பார்வைக்குக் கிரயம் போலவும் உண்மையில் கடன் ஈடாகவும் உள்ள ஒரு வகை அடமானத்தை ஒப்புக்கொள்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கிரயம் செல்லாது, அல்லது நிலத்தைத் திருப்பி எழுதித் தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் கூடிய கிரயம் அது. ஆனால் 1929-ஆம் வருஷத்தில் செய்யப்பட்ட ஒரு திருத்தம், அந்த நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தாலன்றி அதை அடமானமாகக் கொள்ளலாகாது என்று கண்டிப்பாகக் கூறிவிட்டது. நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால், இது கடனுக்கு ஈடா அல்லது மெய்யான கிரயமா என்று பத்திரத்தின் வாசகத்தையும் சுற்றுச் சந்தர்ப்பங்களையும் கொண்டு கோர்ட்டு ஆராயும். நிபந்தனை வேறு காகிதத்தில் இருந்தாலோ, அந்தச் சட்டத்தின்படி அடமானம் என்று வாதிக்க இடமே இல்லாமற் போகிறது.

பெயர் எதுவாயிருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். பெயரைப் பொறுத்தே உரிமை இருக்கிறது. அடமானமாயின், குறித்த தேதி கடந்துவிட்டது என்ற ஒரு காரணத்தால் நிலம் கைமாறிவிடாது. கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்புப் பெற்றாக வேண்டும். மீட்கும் உரிமையைக் குறுக்கும் வாசகம் எதை எழுதிக்கொண்டாலும் செல்லாது. மீட்பதற்கு வழக்குப் போட 1963-ஆம் வருஷத்துக் காலாவதிச் சட்டம் 30 வருஷம் இடம் கொடுக்கிறது. மறுகிரய உடன்படிக்கையாயின், அதில் கண்ட தேதியே தேதி. அத்தேதிக்குள் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க முன்வந்திருக்க வேண்டும். கோர்ட்டுகள் இதில் தயவு காட்டுவதில்லை. கார்த்திகைக்கும் தைக்கும் இடையிலுள்ள இரண்டு மாதம் ஒரு வகைக் காகிதத்தில் சிறிது வட்டியாகவும், மற்றொரு வகைக் காகிதத்தில் 1 ஏக்கர் நஞ்சையாகவும் ஆகிறது.

அன்றியும், தனிக் காகிதம் பதிவாகாததால் அது வில்லங்க சர்டிபிகேட்டில் ஏறாது. தமிழ்நாட்டில் 2012-ஆம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பிறகு நிலக் கிரய உடன்படிக்கைகள் பதிவு செய்யப்பட வேண்டியவையாகிவிட்டன. ஆயினும் பதிவுச் செலவுக்கு அஞ்சி அவற்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் உண்டு. மண்டிக்காரர் அந்த நிலத்தை மூன்றாம் மனிதர் ஒருவருக்கு விற்று, அவரும் உடன்படிக்கையைப்பற்றி ஒன்றும் அறியாமல் நாணயமாக விலை கொடுத்து வாங்கியிருந்தால், அண்ணனின் நிலைமை இன்னும் மோசமாகும்.

அண்ணனுக்கு வழியே இல்லையா எனில், முற்றிலும் இல்லை என்று சொல்வதற்கில்லை. எழுத்துக்கு மாறாக வாய்ச் சாட்சி சாதாரணமாகச் செல்லாது. ஆனாலும் பத்திரம் வெறும் வேஷமே, உண்மையில் நடந்தது வேறொரு ஏற்பாடு என்று காட்டுவதற்கு வாய்ச் சாட்சி கொடுக்கலாம் என்று 1981-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நிலம் அண்ணனுடைய அநுபவத்திலேயே இருந்தது, கிஸ்து ரசீதுகள் அவர் பெயரில் இருக்கின்றன, ரூ. 15,00,000 பெறும் நிலத்துக்கு ரூ. 3,00,000 கிரயத் தொகையாக இருக்கமுடியாது, மாதந்தோறும் வட்டி கட்டிவந்தார் என்பவையெல்லாம் அவர் பக்கம் பேசும். ஆனால் அவற்றை மெய்ப்பிக்கும் பாரம் முழுவதும் அவர் தலைமேல் விழுகிறது. வட்டி கட்டியதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது உண்டா என்று வக்கீல் கேட்டார். மாமாவிடம் யார் சீட்டுக் கேட்பார்கள் என்றார் அண்ணன். பிராது எழுதவேண்டும், ஸ்டாம்பு கட்டவேண்டும், முன்சீப் கோர்ட்டு, ஸப் கோர்ட்டு, ஹைகோர்ட்டு என்று வருஷங்கள் ஓடும். அந்த வருஷங்களில் பெண்ணின் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடும்.

தம்பியின் கதை சுருக்கமானது. அவரிடமும் அதே இரண்டு காகிதங்கள் நீட்டப்பட்டன. அவர், படித்துப் பார்த்துவிட்டு நாளை வருகிறேன் என்று சொல்லிப் பிரதிகளை வாங்கிக்கொண்டு வக்கீலிடம் போனார்.

“இது கடனா, கிரயமா? முதலில் அதைச் சொல்லும்” என்றார் வக்கீல்.

“கடன்தான், ஐயா.”

“கடன் என்றால் கடன் என்று எழுதுவதற்கு என்ன தடை?”

தம்பிக்குப் பதில் தெரியவில்லை. மண்டிக்காரருக்குத் தெரிந்திருந்தது. வக்கீல் ஒரே பத்திரமாக அடமானம் எழுதித் தந்தார். அசல் தொகை, வட்டி விகிதம், கெடு, நிலத்தின் சர்வே நம்பர், நான்கு எல்லை, நிலம் யார் அநுபவத்தில் இருப்பது, வட்டி கட்டும்போதெல்லாம் ரசீது கொடுப்பது எல்லாம் அதில் அடங்கின. மண்டிக்காரர் முகம் சுளித்தார், ஒரு வாரம் பணம் இல்லை என்றார், பிறகு ரூ. 3,00,000-க்குப் பதிலாக ரூ. 2,50,000 தந்தார். குழாயின் ஆழத்தைச் சிறிது குறைத்துக்கொண்டு தம்பி அதனுடன் திருப்தி அடைந்தார். அவருக்கும் பணம் கெடுவுக்குள் சேரவில்லை. அவர் தையில் கொண்டுபோனபோது மண்டிக்காரர் வாங்க மறுத்தார். வக்கீல் சொத்து மாற்றுச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின் கீழ்த் தொகையைக் கோர்ட்டிலேயே கட்டச் செய்தார். அதன் நோட்டீசு மண்டிக்காரருக்குச் சேர்ந்த பிறகு வட்டி ஏறுவதும் நின்றுபோகிறது. கோர்ட்டில் கட்டிய பணம் கரையாமல் அங்கேயே இருக்கும் என்று கண்டபின் மண்டிக்காரர் மூன்று வாரத்தில் சமாதானத்திற்கு வந்தார். கடன் தீர்ந்ததற்கு ரசீது எழுதி அதையும் பதிவு செய்துகொடுத்தார். இந்தக் கடைசிக் காரியத்தை அநேகர் மறந்துவிடுகிறார்கள். பணம் தீர்ந்தும் ரசீது பதிவாகாத அடமானம், இருபது வருஷம் கழித்துப் பிள்ளை கடன் கேட்டுப் போகும்போது வில்லங்கத்தில் உயிருடன் நிற்கும்.

அடமானம் என்றால் கவலையில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். கட்டாத வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். சொத்தடமானத்தில் கடன் கொடுத்தவர் வழக்கிட்டுக் கோர்ட்டு ஏலத்துக்கு நிலத்தைக் கொண்டுவரலாம். ஆனால் அது கணக்கோடு நடக்கும். ஏலத்தில் கடனுக்குமேல் வந்தது குடியானவருக்குத் திரும்பும். போக்கியமாக எழுதி நிலத்தையும் விட்டுக்கொடுத்தவர்கள் வருஷாவருஷம் வரும் விளைச்சலுக்குக் கணக்குக் கேட்கவேண்டும். கிரயத்துக்குப் பதிலாகப் பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. ‘பவர்’ என்று கிராமத்தில் அதற்குப் பெயர். விற்கும் அதிகாரம் எழுதிய பவரைக் கடன் கொடுத்தவர் கையில் கொடுப்பது, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டை எண்ணிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இனி, அண்ணன் சங்கத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. விவாகச் செலவுக்குச் சங்கத்தில் வேண்டிய தொகை கிடைப்பதில்லை. கிடைக்கும் கடனுக்கும் கேட்கும் காகிதங்கள் பல. காரியதரிசி ஊரில் இல்லை, நாளை வாருங்கள் என்ற பதிலையும் அங்கத்தினர்கள் கேட்டிருக்கிறார்கள். மண்டிக்காரர் அன்று மாலையே பணம் தருகிறார். சங்கத்தின் தாமதம் மண்டிக்காரரின் முதல் என்றால் அது மிகையல்ல. நிர்வாகக் கமிட்டியார் இதைக் கசப்பாக எடுத்துக்கொள்ளாமல் கவனிப்பார்களாக. அதிக வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-ஆம் வருஷத்திலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அவசரக்காரன் சட்டத்தைப் பார்த்துக் கடன் வாங்குவதில்லை.

நோட்டுகளைப்பற்றிச் சில வார்த்தைகள். கேட்டவுடன் கொடுக்கவேண்டிய புரோநோட்டுக்கு அது எழுதிய தேதியிலிருந்து 3 வருஷமே ஆயுள். அதற்குள் கடன்பட்டவர் ஒரு தொகையைக் கட்டி, தம் கையாலேயே எழுதியோ கையெழுத்திட்டோ நோட்டின் முதுகில் வரவு வைத்தால், அன்றிலிருந்து மறுபடி 3 வருஷம் கிடைக்கிறது. கடன் கொடுத்தவர் தாமே எழுதிக்கொள்ளும் வரவு பயன்படாது. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டாத நோட்டை, அபராதம் கட்டியும் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது. மற்றப் பத்திரங்களுக்குள்ள அந்தச் சலுகை நோட்டுக்கு இல்லை. எழுதாத வெற்று நோட்டில் கையெழுத்திடுவதைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, சொல்லியும் நிற்கவில்லை. திரும்பிய செக்குக்கு, பாங்கி தகவல் கொடுத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீசு அனுப்பியாக வேண்டும். அதைச் சேர்ந்த நாளிலிருந்து 15 நாள் தவணை கடந்தபின், ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் புகார் கொடுக்கவேண்டும். வைக்கோல் வியாபாரி ஆறு மாதம் சமாதானம் பேசிவிட்டுத்தான் வக்கீலைத் தேடி வந்தார்.

சங்கத்தில் ஜாமீன் கையெழுத்திடுபவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். கடன்பட்டவரிடம் முதலில் கேட்டு, அவரிடம் இல்லையென்றால்தான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள் என்பது கிராமத்தில் ஊறிப்போன தப்பெண்ணம். ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்பட்டவரின் பொறுப்பும் ஒரே அளவு. சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் உள்ள கடன் தகராறு சிவில் கோர்ட்டுக்குப் போகாமல், 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி ரிஜிஸ்திரார் முன்பு போகிறது. அங்கும் நோட்டீசு வந்த நாளில் நேரில் போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லாதவர் பிறகு வருந்திப் பயனில்லை.

வக்கீல்கள் பணத்துக்காகவே இருப்பவர்கள், அவர்களுக்குக் கிராமத்தின் நன்மையில் என்ன அக்கறை என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. இது முழு உண்மையன்று. நாணய சங்கங்களின் முன்னோடிகளில் ஒருவரான ஷூல்ஸ-டெலிட்ஷ் என்பவர் ஜெர்மனியில் சட்டம் படித்து நீதிபதியாக இருந்தவர். 1850-ஆம் வருஷத்தில் கைத்தொழிலாளருக்காகக் கடன் சங்கம் ஏற்படுத்தினார். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜகோபாலாச்சாரியார் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தபோதுதான் 1938-ஆம் வருஷத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறிற்று. ஆயினும் எல்லா வக்கீலும் அப்படியென்று சொல்லவும் கூடாது. வாய்தா வாங்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. பீஸ் எவ்வளவு, அதில் எதெது அடங்கும் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வதும், கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குவதும் வக்கீலை அவமதிப்பதாகாது. நல்ல வக்கீல் அதை விரும்புவார். கடன் கொடுப்பவர் அழைத்துவந்த பத்திர எழுத்தரையும் அவருடைய வக்கீலையும் நம்பிக் கையெழுத்திடுவது மட்டும் கூடாது. அவர்கள் மற்றவர் பீஸுக்கு வேலை செய்பவர்கள்.

பீஸ் கொடுக்க வழியில்லாதவர் என்ன செய்வது? இதற்கு 1987-ஆம் வருஷத்தில் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் செய்யப்பட்டு, 1995-ஆம் வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன்படி தாலூகா கோர்ட்டுகளிலும் சட்டப் பணிகள் கமிட்டி உண்டு. அங்குள்ள நீதிபதி ஒருவரே அதன் தலைவர். அவ்வூர் வக்கீல்களில் சிலர் அதன் பட்டியலில் பெயர் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்குக் கமிட்டி கொடுக்கும் தொகை சொற்பமே. வருபவர் ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை. ஸ்திரீகள், குழந்தைகள், ஆதிதிராவிடர் முதலிய அட்டவணை வகுப்பினர், பழங்குடியினர், அங்கஹீனர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் இந்த உதவி உண்டு. மற்றவர்களுக்கு அரசாங்கம் குறித்த வருமான வரம்புக்குட்பட்டுக் கிடைக்கும். தொலைபேசியில் 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு நடத்துவதற்கு மட்டும் அல்ல, யோசனை சொல்வதற்கும் இவ்வுதவி உண்டு என்பதைத்தான் கிராமத்தார் அறியாதிருக்கிறார்கள். அண்ணனுடைய மனைவி அந்த இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் அங்கே போயிருந்தால் காசு செலவில்லாமலே விஷயம் விளங்கியிருக்கும். வீட்டில் அவரிடம் யாரும் காட்டவே இல்லை.

அதே கமிட்டியார் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் வழக்குப் போடாத தகராறுகளையும் எடுத்துச் செல்லலாம். இரு கட்சியாரும் சம்மதித்தால்தான் முடிவு. சம்மதிக்காவிட்டால் கட்டாயம் இல்லை. வரப்புத் தகராறு, சிறு கடன், பாகப் பிரிவினை போன்றவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. கோர்ட்டில் நடந்துவரும் வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய ஸ்டாம்புத் தொகையும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே எழுதும் முடிவு டிக்கிரிக்குச் சமானம். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே அங்கேயும் கையெழுத்திடுமுன் வாசகத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும்.

இச்சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியார் ஒரு காரியம் செய்யலாம். தாலூகா சட்டப் பணிகள் கமிட்டிக்கு ஒரு மனு எழுதி, பட்டியல் வக்கீல் ஒருவரைச் சங்கக் கட்டடத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது வரவழைக்கலாம். கிராமங்களில் சட்ட உதவி மையம் வைப்பதற்கு 2011-ஆம் வருஷத்தில் விதிகளே செய்திருக்கிறார்கள்; ஆகையால் இது புதிய கோரிக்கை ஆகாது. உரம் வாங்கவும் கடன் கட்டவும் அங்கத்தினர்கள் வரும் நாளாக அதைக் குறித்தால் தனியாகக் கூட்டம் சேர்க்கவேண்டியதில்லை. ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போதும். அங்கத்தினர் அல்லாதவர்களையும் தடுக்காமல் இருப்பது நல்லது. மண்டிக்காரருடைய அடுத்த கடன்காரர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அங்கே வரும்போது வெறுங்கையுடன் வரவேண்டாம். கையெழுத்திடும்படி கொடுத்திருக்கும் பத்திரத்தின் நகல், நிலத்தின் மூல தஸ்தாவேஜு, பட்டா, சமீபத்திய கிஸ்து ரசீது, குறைந்தது 30 வருஷத்துக்கு எடுத்த வில்லங்க சர்டிபிகேட் இவற்றைக் கொண்டுவந்தால் வக்கீலுக்கு அரை மணி வேலை. நகல் கொடுக்க மாட்டேன், இங்கேயே படித்துக் கையெழுத்திடு என்று கடன் கொடுப்பவர் சொன்னாராயின், அதையும் வக்கீலிடம் சொல்லலாம். அவருக்கு அதுவே போதுமானது.